கல்லீரலும் கணையமும்: கேட்டதும் சொன்னதும்

கல்லீரல், கணைய ஆபரேஷன்களில் முப்பது வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். இந்தத் துறை ஆராய்ச்சி பற்றி எதையும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில.

கேள்வி: முதல் கல்லீரல் மாற்றே தோல்வியாமே சார்? (மருத்துவ மாணவி, மதுரை)

ஆமாம்மா. 1963 மார்ச்சில் அமெரிக்காவின் டென்வரில் தாமஸ் ஸ்டார்ஸல் என்ற சர்ஜன் செய்தது. 3 வயதுப் பையன், பிறவியிலேயே பித்தநாளக் கோளாறு. ரத்தப்போக்கை நிறுத்த முடியாமல் மேஜையிலேயே இறந்துவிட்டான். அடுத்து வந்தவர்களும் ஒரு மாதத்தைத் தாண்டவில்லை. ஸ்டார்ஸல் மனிதர்களுக்குச் செய்வதை நிறுத்திவிட்டு ஆய்வுக்கூடத்துக்கு, நாய்களிடம், திரும்பிப் போனார். மூன்று வருடத்துக்கு மேல் அங்கேதான்.

1967 ஜூலையில் கல்லீரல் கட்டி இருந்த ஒன்றரை வயதுக் குழந்தைக்கு மாற்றினார். ஒரு வருடத்துக்கு மேல் இருந்தாள். கடைசியில் அவளைக் கொண்டுபோனது திரும்பி வந்த பழைய புற்றுநோய். புது உறுப்பை உடம்பு ஏற்க வைக்க ஓரளவு வழி கிடைத்துவிட்டது, புற்றுநோயிடம் மட்டும் ஜம்பம் பலிக்கவில்லை. இன்றைக்கும் எனக்கு அந்தக் குழந்தையின் கேஸ்தான் முதலில் நினைவுக்கு வரும்.

கேள்வி: அப்போ துறையைத் தூக்கிவிட்டது எது?

மருந்து. கத்தி பிடிப்பவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும். புது உறுப்பை உடம்பு நிராகரிக்காமல் தடுக்கும் மருந்து சைக்ளோஸ்போரின். மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து வந்த அதை 1980-இல் ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுத்தார் ஸ்டார்ஸல். அதுவரை ஒரு வருடம் தாண்டியவர்கள் மூன்றில் ஒருவர்தான், அது இரண்டு மடங்கானது. 1989-இல் அதே வேலையைச் செய்யும் டாக்ரோலிமஸ் வந்தது. அதுவும் மண்தான், ஜப்பானின் சுகுபா மண்.

கேள்வி: கல்லீரல் சர்ஜன் ஏன் கணையத்தையும் தொடுகிறார்?

பக்கத்து வீடு என்பதால். கணையத்தின் கழுத்துக்குப் பின்னால்தான் கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரை இருக்கிறது. கட்டி அதில் ஒட்டிக்கொண்டிருந்தால் முன்பெல்லாம் வயிற்றை மூடிவிட்டு வெளியே வருவோம். மாற்று ஆபரேஷன் பழகியவருக்கோ அதை வெட்டி இணைப்பது அன்றாட வேலை. மயிரிழை போன்ற நீல நூலில் சுற்றித் தைத்து, கடைசி முடிச்சைச் சிரையை ஒட்டிப் போடாமல் கொஞ்சம் தள்ளிப் போட வேண்டும். ரத்தத்தை நிறுத்திப் பிடித்திருக்கும் கிளாம்பை எடுத்ததும் ரத்தம் பாய்ந்து சிரை உப்பும், தளர்வாக விட்ட நூல் உள்ளே இழுபட்டு இடம் கொடுக்கும். இறுக்கினால் அந்த இடம் நடுவில் கயிறு கட்டிய பை மாதிரி சுருங்கிவிடும். இந்த யுக்தியும் ஸ்டார்ஸல் குழு எழுதி வைத்ததுதான்.

கேள்வி: அப்பாவுக்குக் கணையத்தில் கட்டி. கணையத்தையே மாற்ற முடியாதா டாக்டர்? (ஒரு மகன்)

முடியாது தம்பி. கணைய மாற்று சர்க்கரை நோயாளிகளுக்கானது. மாற்றிய பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து தர வேண்டும். எங்கேயோ ஒளிந்திருக்கும் புற்று செல்களுக்கு அது கொண்டாட்டம். கல்லீரல் புற்றுக்கு மாற்று செய்யவே, 1996-இல் மிலானில் வகுத்தபடி, ஒரே கட்டி என்றால் 5 செ.மீ. வரை, மூன்று வரை இருந்தால் ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள் என்றுதான் ஆரம்ப அளவுகோல்.

அப்பாவுக்கு எடுக்கக்கூடிய கட்டியா என்று முதலில் பாருங்கள். எடுத்த பிறகு கீமோவை விட்டுவிடாதீர்கள். 2018-இல் வந்த ஆய்வில், தாங்கக்கூடிய உடல்நிலை இருந்தவர்களுக்கு நான்கு மருந்துக் கூட்டு கொடுத்தபோது பாதிப் பேர் 54 மாதம் தாண்டினார்கள். பழைய ஒற்றை மருந்தில் அது 35 மாதம். அப்புறம், கூச்சப்படாமல் சர்ஜனிடம் கேளுங்கள்: “போன வருஷம் எத்தனை விப்பிள் ஆபரேஷன் பண்ணீங்க?” கணையத்தின் தலைப்பகுதியை எடுக்கும் ஆபரேஷன் அது. 2002-இல் அமெரிக்காவில் கணக்கெடுத்தார்கள். அரிதாகச் செய்யும் இடங்களில் நூற்றுக்கு 16 பேர் இறந்தார்கள், நிறையச் செய்யும் இடங்களில் 4 பேருக்கும் குறைவு.

கேள்வி: கணையக் கட்டியைச் சுற்றி இன்னும் அகலமாக வெட்டினால்?

வெட்டிப் பார்த்துவிட்டார்கள். கூடுதல் நிணநீர்க் கணுக்களை எடுத்ததால் ஆயுள் கூடவில்லை, வயிற்றுப்போக்குதான் கூடியது.

கேள்வி: எம்.எஸ். படிக்கிறேன். ஆராய்ச்சி செய்ய ஆசை, எங்கள் கல்லூரியில் லேப் இல்லை.

முதல் ஆய்வுக்கு லேப் வேண்டாம். உங்கள் யூனிட்டில் ஐந்து வருடத்தில் விப்பிள் ஆனவர்களின் கேஸ் ஷீட்டை எடுங்கள். மூன்றாம் நாள் ட்ரெயின் (வயிற்றில் வைத்த வடிகுழாய்) திரவத்தில் கணைய நொதியான அமைலேஸ் எவ்வளவு, ரத்தத்தில் இயல்பான உச்ச அளவைவிட மூன்று மடங்கு தாண்டியதா, பிறகு யாருக்குக் கணையத் தையல் கசிந்தது, எத்தனை நாள் படுக்கை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ரெக்கார்ட் ரூமுக்குப் போகும்போது மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், தூசி தாங்காது.