பாலைவன மலைப்பகுதியில் ஒரு சுற்றுப்பாதையைத் தனியாக வேகமாக ஓடி முடிக்க எப்படித் தயாராவது, பயிற்சி அட்டவணை எப்படி இருக்க வேண்டும்?

பயிற்சி அட்டவணை கேட்டிருக்கிறீர்கள். அதைவிட முதலில் எந்தத் திசையில் சுற்றப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். என் விஷயத்தில் நேரத்தை மாற்றியது அதுதான்.

நான் ஓடியது 38 கிலோமீட்டர் சுற்று. மலையின் மேற்கு அடிவாரத்தில் தொடக்கம். முதல் தடவை, சமதளத்தில் உடம்பைச் சூடுபடுத்திக்கொண்டு அப்புறம் ஏறலாம் என்று வறண்ட ஆற்றுப்படுகை வழியாக மலையைச் சுற்றிப் போய், கிழக்குச் சரிவில் ஏறினேன். சரிவு மென்மையானதுதான். ஆனால் காலை வெயில் முழுக்க அங்கேதான் விழும். கிழக்கு அடிவாரத்தில் இருக்கும் ஊற்றில் பிடித்த 2 லிட்டர் தண்ணீர் உச்சிக்கு முன்பே தீர்ந்தது. மீதியை நடந்தேன். மொத்தம் 7 மணி நேரம் 40 நிமிடம் ஆனது.

அடுத்த தடவை திசையைத் திருப்பினேன். அதிகாலை 4 மணிக்குத் தலைவிளக்குடன் செங்குத்தான மேற்குச் சரிவில் ஏறினேன். அங்கே எப்படியும் நடைதான், தண்ணீர்ச் சுமை அவ்வளவாக உறுத்தவில்லை. விடிந்த பிறகும் நெடுநேரம் மலை நிழல் இருந்தது. கிழக்குப் பக்கம் நன்றாக ஓடி இறங்கக்கூடிய பாதை. 5 மணி நேரம் 48 நிமிடத்தில் முடித்தேன். கால்களில் பெரிய முன்னேற்றம் எதுவும் இல்லை.

தண்ணீர்க் கணக்கை ஊகத்தில் விடாதீர்கள். அதே மாதிரி வெயிலில் ஒரு மணி நேரம் எதுவும் குடிக்காமல் ஓடி, முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. எனக்கு 1.2 லிட்டர் வந்தது. வறண்ட காற்றில் வியர்வை உடனே ஆவியாகிவிடும், சட்டை நனையாது. அதனால் எவ்வளவு இழக்கிறோம் என்பதே தெரியாது. உப்பில்லாமல் வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறையும். அது நிஜமாகவே உயிருக்கு ஆபத்து.

வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். அதன் பிறகு வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் போகும் உப்பும் குறையும். இந்த இரண்டு வாரத்தைத் தவிர்க்காதீர்கள்.

வெளியுதவி இல்லாத (unsupported) வகையில் உங்கள் நேரத்தைச் சாதனையாகப் பதிவு செய்வதாக இருந்தால், வழியில் இயற்கையாகக் கிடைக்கும் தண்ணீரை எடுக்கலாம். முன்கூட்டியே எங்கும் ஒளித்து வைக்கக் கூடாது, யாரிடமும் எதுவும் வாங்கக் கூடாது. ஊற்று வற்றவில்லை என்பதை முந்தைய நாட்களில் நேரில் பார்த்துவிடுங்கள்.

ஆற்றுப்படுகையில் பாதை அடிக்கடி மணலில் காணாமல் போகும். வழித்தடம் வாட்ச்சில் இருக்கட்டும். போன் சிக்னலை நம்பாமல் செயற்கைக்கோள் வழியாகத் தகவல் அனுப்பும் கருவி ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் எங்கே நிறுத்துவது என்பதையும் எழுதி ஒருவரிடம் கொடுங்கள். இரண்டாவது தடவை, ஊற்றை அடையும்போது காலை 8 மணி தாண்டியிருந்தால் ஓட்டத்தைக் கைவிட்டு, நிழலில் தங்கி, மாலையில் நடந்து திரும்புவது என்று எழுதியிருந்தேன். 7.25-க்குப் போய்ச் சேர்ந்தேன். குடுவைகளை நிரப்பினேன், தொப்பியை நனைத்தேன், ஓடினேன்.