சைட்டோகைன் ஊசிகள்: ஓய்வுபெற்ற மருந்தாளுநரின் பதில்கள்

பாளையங்கோட்டையில் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நோய் எதிர்ப்பு அணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்ல அனுப்பும் புரதங்கள்தான் சைட்டோகைன்கள். அவற்றைக் கொண்டும் அவற்றை அடக்கியும் செய்யும் சிகிச்சைகளைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன், குவிந்துவிட்டன. அளவு, தேதியெல்லாம் உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டியவை.

முக்கூடலிலிருந்து ஒரு மகள்: அம்மா பீடி சுற்றுகிறவர், முடக்குவாதம். டி.என்.எஃப் என்ற சைட்டோகைனை அடக்கும் ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை கேட்கிறார்கள். இருமலே இல்லையே, வீண் செலவுதானே?

இல்லை தாயே. இருமல் இல்லாதவருக்குத்தான் இந்தப் பரிசோதனை முக்கியம். நம் நாட்டில் காசநோய்க் கிருமி உடம்பில் உறங்கிக் கிடப்பவர்கள் ஏராளம். எதிர்ப்பு அணுக்கள் அதைச் சுற்றி வளைத்துச் சிறை வைத்திருக்கும். அந்தக் காவல் கலையாமல் பார்த்துக்கொள்வது டி.என்.எஃப். மூட்டுகளை வீங்க வைப்பதும் அதே புரதம்தான். இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப் போன்ற ஊசிகள் அதைப் பிடித்துக் கட்டும்போது மூட்டு வலி இறங்கும். கூடவே காவலும் தளரும். அப்படிக் கிளம்பும் காசநோய் நுரையீரலோடு நிற்காமல் நிணநீர்க் கட்டி, முதுகெலும்பு, வயிறு என்று வேறு இடங்களிலும் தலைகாட்டும்.

எக்ஸ்ரேயோடு, தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ பரிசோதனையோ இக்ரா ரத்தப் பரிசோதனையோ செய்வார்கள். உறங்கும் கிருமி தெரிந்தால் முதலில் தடுப்பு மாத்திரை; வழக்கமாக ஒரு மாதமாவது அதைச் சாப்பிட்ட பிறகே ஊசி. ஹெபடைடிஸ் பி பரிசோதனையையும் விட்டுவிடாதீர்கள்.

வள்ளியூர்: ஊசிக்குப் பதில் மாத்திரை கிடையாதா?

இந்த ஊசி மருந்துகள் புரதம். விழுங்கினால் பருப்பைப் போலச் செரித்துவிடும். டோஃபாசிட்டினிப் மாத்திரை வேறு வகை, அணுவுக்குள் போய்ச் செய்தியை மறிக்கும். அதற்கும் காசநோய்ப் பரிசோதனை உண்டு.

தென்காசி: பஸ்ஸில் கொண்டு வந்தபோது ஊசி ஐஸ் கட்டியை ஒட்டியிருந்து உறைந்துவிட்டது. உருகியபின் தெளிவாகத்தான் இருக்கிறது. போடலாமா?

போடாதீர்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. உறைந்த புரதம் குலைந்துபோகும், அது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. அடுத்த முறை ஐஸ் கட்டிக்கும் மருந்துப் பெட்டிக்கும் நடுவே ஒரு துண்டை மடித்து வையுங்கள். வீட்டில் பிரிட்ஜின் கதவிலும் வேண்டாம், ஃப்ரீசருக்கு அடியிலும் வேண்டாம்.

கடையம்: எதிர்ப்பு சக்தியைக் கூட்ட என்ன சாப்பிடலாம்?

இதே கேள்வியைப் பலர் கேட்டுவிட்டீர்கள். முடக்குவாதக்காரருக்கு எதற்கு ஐயா கூட்ட வேண்டும்? அது எல்லை மீறிச் சொந்த மூட்டுகளையே தாக்குவதுதானே அவருடைய நோய். 2006-ல் லண்டனில், எதிர்ப்பு அணுக்களைத் தூண்டும் புது மருந்தொன்றை ஆரோக்கியமான ஆறு ஆண்களுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். சில மணி நேரத்தில் சைட்டோகைன்கள் பொங்கி, ஆறு பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள்.

சித்த மருத்துவம் படித்த ஒருவர்: நிலவேம்புக் குடிநீரை மட்டம் தட்டுகிறீர்களா?

அதன் பெயரையே நான் எடுக்கவில்லை. எடுத்துவிட்டீர்கள், சொல்கிறேன். நிலவேம்பிலுள்ள ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற பொருள் ஆய்வகத்து அணுக்களில் டி.என்.எஃப் போன்றவை சுரப்பதைக் குறைக்கிறது. ஆக, சக்தியைக் 'கூட்டும்' என்று கடைக்காரர் விற்கும் சரக்கு, அங்கே அடக்கும் வேலையைத்தான் பார்க்கிறது!

அவரே மீண்டும்: அப்படியானால் ஊசிக்குப் பதில் அதையே கொடுக்கலாமே?

கண்ணாடித் தட்டில் அணுவுக்கு நடந்தது, குடித்தவரின் முழங்காலில் நடக்கும் என்பதற்கு என்ன உறுதி? நோயாளிகளிடம் சோதித்துக் காட்டுங்கள், முதல் ஆளாகக் கைதட்டுகிறேன். அதுவரை ஊசியை நிறுத்தச் சொல்லாதீர்கள். இந்த வாதத்தில் டயாலிசிஸ் கேள்விக்காரர் காத்துக்கிடக்கிறார்.

சங்கரன்கோவில்: டயாலிசிஸில் போடும் எரித்ரோபாய்டினும் இந்தக் குடும்பமா?

ஆம். ரத்தச் சிவப்பணுக்களை உருவாக்கச் சொல்லும் புரதம், சிறுநீரகம் சுரக்க வேண்டியது. சிறுநீரகம் பழுதானதால் வெளியிலிருந்து தருகிறார்கள். இரும்புச்சத்து குறைந்திருந்தால் ஊசி சரியாக வேலை செய்யாது.

களக்காடு: டாசிலிசுமாப் ஊசி போட்ட பிறகு, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி நன்றாகக் குறைந்துவிட்டது. இனிக் கவலை இல்லைதானே?

அந்த மருந்து ஐ.எல்-6 என்ற சைட்டோகைனின் செய்தியை மறிக்கிறது. சி.ஆர்.பி-யைச் சுரக்கச் சொல்வதே ஐ.எல்-6 என்பதால், உள்ளே கிருமித் தொற்று இருந்தாலும் அந்த எண் ஏறாமல் இருக்கலாம். காய்ச்சலும் தெரியாமல் போகலாம். உடம்பு சோர்ந்தால் அறிக்கையைப் பார்த்துத் தேறாமல் மருத்துவரிடம் போங்கள்.

அம்பாசமுத்திரம்: அப்பாவுக்கு ஹெபடைடிஸ் சி. இன்டர்ஃபெரான் போட வேண்டுமா?

1957-ல் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற விஞ்ஞானிகள் கண்டறிந்த சைட்டோகைன் அது. ஒரு காலத்தில் மாதக்கணக்கில் போட்டு, காய்ச்சலும் மனச்சோர்வுமாக ஆளை உருக்கியது. சோஃபோஸ்புவிர் வந்த பிறகு பெரும்பாலோருக்கு மாத்திரையே போதும். ஈரல் மருத்துவரைப் பாருங்கள்.

ஆலங்குளம்: எதிர்ப்பு சக்திக்கு...

மேலே கடையத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.