முதியோர் இல்லத்துக்குப் பார்க்கப் போகிறவர்களுக்கு: தொற்றுத் தடுப்பு கேள்வி பதில்

கேள்வி: அம்மா இல்லத்தில் இருக்கிறார். எனக்கு நேற்று வாந்தியும் பேதியும் இருந்தது, இன்று நின்றுவிட்டது. நாளை போகலாமா?

பதில்: வேண்டாம். கடைசியாக வாந்தியோ பேதியோ ஆன நேரத்திலிருந்து 48 மணி நேரம் முழுதாகக் கழியட்டும். இப்படி வாந்தி பேதியைப் பரப்பும் நோரோவைரஸ் என்ற கிருமி, உடம்பு தேறிய பிறகும் மலத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும். அதனால் 48 மணி நேரம் கழித்துப் போனாலும், அம்மாவைத் தொடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவிவிடுங்கள்.

கேள்வி: வாசலிலேயே சானிடைசர் இருக்கிறதே, போதாதா?

பதில்: சளி, ஃப்ளூ மாதிரித் தொற்றுகளுக்குப் போதும். கை முழுக்கப் படும் அளவு எடுத்து, காயும்வரை 20-30 நொடி தேய்க்க வேண்டும். கட்டைவிரலையும் விரல்நுனியையும்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நோரோவைரஸுக்கு அதை நம்பாதீர்கள். ஆல்கஹால் எளிதில் சிதைப்பது கொழுப்பு உறை உள்ள வைரஸ்களை. இதற்கு அந்த உறையே கிடையாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் கிருமியைக் கொல்லாவிட்டாலும் கையை விட்டு அகற்றிவிடும்.

கேள்வி: இல்லத்தில் வேலை செய்கிறேன். வாந்தி மேல் ப்ளீச் ஊற்றியும் தொற்று நிற்கவில்லை. ஏன்?

பதில்: அப்படி ஊற்றினால் ப்ளீச்சின் வீரியம் அந்த அழுக்கிலேயே தீர்ந்துவிடும். முதலில் அறையில் இருப்பவர்களை வெளியே அனுப்பி ஜன்னலைத் திறங்கள். கையுறை, ஏப்ரன், முகக்கவசம் போட்டுக்கொண்டு, காகிதத் துண்டால் மூடி உறிஞ்சவிட்டு, ஓரத்திலிருந்து நடுவுக்கு அள்ளிப் பையில் கட்டுங்கள். சோப்புத் தண்ணீரால் துடைத்த பிறகுதான் ப்ளீச். ப்ளீச் பாட்டிலில் 5% ஹைப்போகுளோரைட் (அதில் உள்ள கிருமிநாசினி) என்று இருந்தால் 20 மி.லி. எடுத்துத் தண்ணீர் சேர்த்து 1 லிட்டராக்குங்கள். ஏறக்குறைய 1000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு) வரும். தரை 10 நிமிடம் ஈரமாகவே இருக்கட்டும். அன்றன்றைக்குக் கலந்துகொள்ளுங்கள், நேற்றையது வீரியம் குறைந்திருக்கும். ஆசிட் கலந்த எதோடும் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். தரையோடு நின்றுவிடாமல் கதவுக் கைப்பிடி, அழைப்பு மணிப் பொத்தான், கட்டில் கம்பி, ஃப்ளஷ் எல்லாவற்றையும் துடையுங்கள்.

கேள்வி: ஒரே கையுறையோடு அடுத்த அறைக்குப் போகலாமா?

பதில்: கூடாது. ஒருவருக்கு ஒரு ஜோடி. கழற்றியதும் கை கழுவ வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்குக் காய்ச்சல் இல்லை. ஆனால் நேற்றிலிருந்து பேச்சு குழம்புகிறது, சாப்பிடவும் மறுக்கிறார்.

பதில்: இன்றே மருத்துவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். முதுமையில் தொற்று பல நேரம் காய்ச்சலாக வராது. திடீர்க் குழப்பம், விழுந்துவிடுவது, பசியின்மை என்றுதான் முகம் காட்டும். வாயில் வைத்துப் பார்த்து 37.8 டிகிரி செல்சியஸ் இருந்தாலே அவர் வயதில் அதைக் காய்ச்சலாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: தொற்று பரவும்போது யாரையுமே உள்ளே விடாமல் இருப்பதுதானே பாதுகாப்பு?

பதில்: எனக்கு அதில் உடன்பாடில்லை. பிள்ளைகள் முகம் பார்க்காமல் சாப்பாட்டையே குறைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. மறதி நோய் உள்ளவர்கள் இன்னும் வேகமாக ஒடுங்கிப்போவார்கள். குடும்பத்தில் ஒருவர் மட்டும் வரட்டும். கை கழுவி, நேராக அந்த அறைக்குப் போய், ஜன்னலைத் திறந்துவைத்து உட்காரட்டும். பொதுக் கூடத்தில் நிற்க வேண்டாம், பக்கத்துக் கட்டிலுக்கும் போக வேண்டாம். கடைசி நாட்களில் இருப்பவரைப் பார்க்க வருகிறவரை எந்தத் தொற்றுக்காகவும் வாசலில் நிறுத்தாதீர்கள். தேவையான கவசத்தைக் கொடுத்து உள்ளே அழைத்துப் போங்கள்.