பர்மாவில் தமிழர் என்றாலே வட்டிக்கடைதானா? வேறு தொழில் யாரும் செய்யவில்லையா?

கேட்டவர் ஊரில் இருந்துகொண்டு, தாத்தாக்கள் சொன்ன கதையை வைத்துக் கேட்கிறார் என்று நினைக்கிறேன். 1937 வாக்கில் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்பங்கு நிலம் வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார்கள் கையில் இருந்தது உண்மை. பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது, எங்களுக்கும் சேர்த்து.

என் தாத்தா ரங்கூனில் லப்பெட் மொத்த வியாபாரி. டீத்தூள் இல்லை. ஷான் மலையில் நம்சான் பக்கம் பலாங் மக்கள் பறித்து, அவித்து, அமுக்கிப் புளிக்கவைக்கிற தேயிலை. பூண்டு, எள், வறுத்த பருப்பு போட்டுப் பிசைந்து சாப்பிடுவது. மழைக்கு முந்திய முதல் கொழுந்துக்கு ஷ்வேபி என்று பேர், விலையும் அதற்குத்தான். கூடையைப் பிரித்ததும் தாத்தா ஒரு பிடி எடுத்துப் பிழிந்து, உள்ளங்கையை மோந்து பார்ப்பாராம். வாயே திறக்க மாட்டார். மூக்கைச் சுளித்தால் தரகர் தானாக விலையைக் குறைப்பார். "பழத்தில் மாம்பழம், கறியில் பன்றி, இலையில் லப்பெட்" என்று பர்மியர் சொலவடை ஒன்று உண்டு. சைவரான தாத்தா நடுவில் வருவதை மட்டும் இருமி விழுங்கிவிடுவார்.

1964 மார்ச்சில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. வந்த அதிகாரி தராசு, படிக்கல் வரைக்கும் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கினார். மே மாதம் 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்றார்கள். சொந்தத்தில் பாதிப்பேர் கப்பலேறினார்கள். "நீங்கள் ஏன் போகவில்லை?" என்று இப்போது புத்திசாலித்தனமாகக் கேட்பவர்களுக்கு: அப்பத்தாவுக்கு அப்போது நிறைமாதம்.

கப்பலேறியவர்களின் பிள்ளைகளைப் பார்க்க ஒருமுறை சென்னை போனேன். கடற்கரைப் பக்கம் அத்தோ நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்து, "இதுதான் பர்மாச் சாப்பாடு" என்று எனக்கே பாடம் எடுத்தார்கள். நான் கொண்டுபோன லப்பெட்டைப் பார்த்து, "என்ன அத்தான், ஊசிப்போன கீரையா?" என்றாள் மாமா மகள். என் தமிழுக்கு வேறு தனிச் சிரிப்பு. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் இன்னும் ஆறவில்லை.

பழம்பெருமை அடிக்கிறான் என்பவர்களுக்காக ஒன்று. தாத்தாவின் பேரேடு என்னிடம் இருக்கிறது. பிள்ளையார் சுழி போட்டுத் தமிழிலேயே எழுதிய கணக்கு. கடைசி நாலு பக்கமும் வராத பாக்கிதான். இந்தப் பதில் எழுதுவதற்காக நேற்று ராத்திரி முழுக்கப் புரட்டினேன். வட்டி என்று ஒரு வரி இல்லை.