போன் பாவனையை ஆராய்வதும் ஒரு படிப்பா?

உப்புவெளியிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகள் உயர்தரத்துக்கு ஊடகக் கற்கை எடுத்தாள், இப்போது சமூக ஊடக ஆராய்ச்சிதான் செய்வேன் என்று நிற்கிறாள், இதில் சோறு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம். ஆனால் இது போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை அல்ல, அளக்கும் வேலை.

போன் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று நாம் எல்லாரும் சொல்கிறோம். அது எவ்வளவு உண்மை என்று பார்க்க, 2019இல் ஏமி ஓர்பன், அன்ட்ரூ சிபில்ஸ்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 350,000க்கு மேற்பட்ட பதின்ம வயதினரின் தரவுகளை அலசினார்கள். பிள்ளைகளின் மனநலனில் தெரிந்த வேறுபாட்டில் டிஜிட்டல் பாவனையோடு தொடர்புபட்டது அதிகபட்சம் 0.4 சதவீதம்தான். அதற்காகப் போனால் தீங்கே இல்லை என்று சொல்ல முடியாது. சராசரிக் கணக்குக்குள் ஒரு பிள்ளையின் துன்பம் தெரியாமலே போய்விடும். யாருக்கு, எதைப் பார்த்தால், எப்போது பாதிப்பு என்று பிரித்துக் காட்டத்தான் ஆய்வாளர் வேண்டும்.

மகளுக்கு இது பொருந்துமா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ரியூசனில் பத்துச் சிநேகிதிகளிடம் "நேற்று எத்தனை மணித்தியாலம் போன் பார்த்தாய்?" என்று கேட்டு எழுதட்டும். அப்புறம் அவர்கள் சம்மதத்தோடு, போன் செட்டிங்கில் பதிவான நேரத்தைப் பக்கத்தில் எழுதட்டும். சொன்னதும் பதிவானதும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை என்று 2021இல் வெளிவந்த பெரிய ஆய்வுத் தொகுப்பொன்றும் காட்டியது. அந்த இடைவெளி ஏன் என்று அவள் துருவத் தொடங்கினால், தடுக்காதீர்கள். சலித்துப்போனாள் என்றால் செய்தித்துறையோ விளம்பரமோ பார்க்கலாம்.

படிக்க வெகுதூரம் போகவும் வேண்டாம். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே தொடர்பாடல் கற்கை இருக்கிறது. தகுதி விபரங்களைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் பாருங்கள்.

வேலையைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். முழுநேர ஆய்வாளர் பதவிகள் குறைவு, விரிவுரையாளராக மேற்படிப்பும் பொறுமையும் வேண்டும். ஆனால் சந்தை ஆய்வு நிறுவனங்களுக்கும் தொண்டு நிறுவனங்களின் கண்காணிப்பு, மதிப்பீட்டுப் பிரிவுகளுக்கும் கேள்விக்கொத்து தயாரித்துத் தரவை அலசத் தெரிந்தவர்கள் தேவை. தமிழிலும் சிங்களத்திலும் நேர்காணத் தெரிந்தால் இன்னும் நல்லது.

கலைப்பிரிவுப் பிள்ளைகள் இங்கே தடுக்கி விழுவது புள்ளிவிபரவியலில்தான். பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை இருக்கும் மாதங்களில் அதையும் ஆங்கிலத்தையும் பிடிக்கச் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் பாடநெறி வரிசை நிரப்பும் முன் மகளையும் கூட்டிக்கொண்டு ஒருதரம் வாருங்கள்.