கருத்தடை மாத்திரையின் புது கார்ட் தொடங்க மூன்று நாள் பிந்திவிட்டது, இனி என்ன செய்வது?

தங்கச்சி, தீபாவளிக்கு அம்மா வீட்டுக்குப் போன இடத்தில் கார்ட் கையில் இல்லை, ஞாயிற்றுக்கிழமை தொடங்க வேண்டியதை தோட்டத்து லயத்துக்குத் திரும்பி வந்து புதன்கிழமைதான் தொடங்கினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த மாத்திரை என்று சொல்லவில்லை. கிளினிக்கில் தரும் 28 மாத்திரைக் கார்ட், இல்லாவிட்டால் ஃபார்மசியில் வாங்கும் மிதுரி என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

அந்தக் கார்டில் 21 மாத்திரைதான் கரு தங்காமல் காப்பது. ஒவ்வொன்றிலும் லெவோநோர்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம், எதினைல் எஸ்ட்ரடையோல் 0.03 மில்லிகிராம். நிறம் மாறியிருக்கும் கடைசி ஏழும் வெறும் இரும்புச்சத்து. அந்த ஏழை விட்டாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் புது கார்டின் முதல் மாத்திரை ஒரு நாளும் பிந்தக் கூடாது.

பலர் தலைகீழாக நினைப்பது இதைத்தான். மாதவிடாய் இப்போதுதானே முடிந்தது, முதல் வாரம் பயமில்லை என்பார்கள். உண்மையில் அதுதான் ஆக மோசமான வாரம். இரும்பு மாத்திரை போடும் ஏழு நாளும் சூலகத்துக்கு ஓய்வு விட்ட மாதிரி; உள்ளே முட்டை மெல்ல வளரத் தொடங்கியிருக்கும். எட்டாம் நாள் ஹோர்மோன் போனால் அது அடங்கிவிடும். உங்களுக்கு அந்த இடைவெளி ஏழு நாள் அல்ல, பத்து நாள். முட்டை வெளியே வர அது போதும். நடுவில் இரண்டு மாத்திரை விடுவதை விட, கார்டின் தொடக்கத்தில் இரண்டு விடுவது ஆபத்து.

இப்போது செய்ய வேண்டியது. தொடங்கிய கார்டை நிறுத்த வேண்டாம், ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் போடுங்கள். விட்ட மூன்றையும் சேர்த்து விழுங்க வேண்டாம், வாந்திதான் மிஞ்சும். தொடர்ந்து ஏழு ஹோர்மோன் மாத்திரை உள்ளே போகும்வரை வீட்டுக்காரர் ஆணுறை போட வேண்டும், இல்லாவிட்டால் சேராமல் இருங்கள். அந்த ஏழில் இன்னொன்று விட்டால் எண்ணிக்கை மறுபடியும் ஒன்றிலிருந்து.

கடந்த ஐந்து நாளுக்குள் சேர்ந்திருந்தால் அவசர கருத்தடை வேண்டும். நாட்களைச் சேர்ந்த நேரத்திலிருந்து எண்ணுங்கள், மாத்திரை விட்ட நேரத்திலிருந்து அல்ல. விந்தணு ஐந்து நாள் வரை உள்ளே உயிரோடு இருக்கும் என்பதால், இரும்பு மாத்திரை போட்ட கடைசி நாட்களில் சேர்ந்ததும் கணக்கில் வரும். ஃபார்மசியில் போஸ்டினர் என்று கேளுங்கள், லெவோநோர்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம். 72 மணித்தியாலத்துக்குள் போட வேண்டும், பிந்தப் பிந்தப் பலன் குறையும். போட்டு மூன்று மணித்தியாலத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொன்று போட வேண்டும். அதோடு வழமையான மாத்திரையும் தொடர வேண்டும், போஸ்டினர் அடுத்த வாரத்துக்குக் காவல் இல்லை. ஐந்து நாளுக்குள் கருப்பையில் செப்பு லூப் வைத்துக்கொண்டால் அதை விட உறுதி எதுவும் இல்லை.

டவுனுக்கு பஸ் இல்லை, இரவு என்றால் கையில் இருக்கும் கார்டே உதவும். மேலே சொன்ன அளவுள்ள ஹோர்மோன் மாத்திரை நான்கு, பன்னிரண்டு மணித்தியாலம் கழித்து இன்னும் நான்கு. குமட்டல் அதிகம், போஸ்டினர் அளவுக்குப் பலனும் இல்லை. எடுத்த எட்டை ஈடு செய்ய மிட்வைஃப் மிஸ்ஸிடம் இன்னொரு கார்ட் கேட்டு வாங்குங்கள்.

மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஒரு மாத்திரை மட்டும் விட்டுப்போனால் நினைவு வந்த உடனே போடுங்கள், அன்றையதையும் வழமை நேரத்தில் போடுங்கள். ஒரே நாளில் இரண்டு ஆனாலும் பரவாயில்லை, ஆணுறை தேவையில்லை. இரண்டோ அதற்கு மேலோ விட்டால் கடைசியாக விட்டதை மட்டும் போட்டு, மற்றதை எறிந்துவிட்டு, ஏழு நாள் ஆணுறை. மூன்றாம் வாரத்தில் அப்படி நடந்தால் மீதி ஹோர்மோன் மாத்திரையை முடித்து, இரும்பு மாத்திரையைத் தொடாமல் அடுத்த நாளே புது கார்ட். அந்த மாதம் மாதவிடாய் வராமல் போகலாம், பயப்பட வேண்டாம். சில கைநூல்களில் மூன்று விட்டால்தான் என்று இருக்கும், அதைக் காட்டி யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இரண்டில் உஷாராவதால் ஒரு நட்டமும் இல்லை.

கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய்மாருக்குத் தரும் லெவோநோர்ஜெஸ்ட்ரல் மட்டும் உள்ள மினி மாத்திரைக்கு இந்தக் கணக்கு செல்லாது. அது மூன்று மணித்தியாலம் பிந்தினாலே விட்டதாக அர்த்தம். உடனே போட்டு இரண்டு நாள் ஆணுறை. காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு கார்பமசெபின், ஃபெனிட்டோயின் எடுப்பவர்கள் ஒரு நாள் விடாமல் போட்டாலும் மாத்திரை சரியாக வேலை செய்யாது. கிளினிக்கில் அதைச் சொல்லி வேறு முறை கேளுங்கள். இருமலுக்குத் தரும் அமொக்சிசிலின் ஒன்றும் செய்யாது.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு ஓடும் அவசரத்தில்தான் மாத்திரை விட்டுப்போகிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள், கார்ட் பல் பிரஷ் இருக்கும் டப்பாவில் நிற்கட்டும். தேயிலை மலைக்குக் கொண்டுபோகும் பையில் போட வேண்டாம், மழையில் நனைந்து கார்டின் பின்தாள் பிரிந்துவிடும்.

கேட்காததையும் சொல்லியே ஆக வேண்டும். மாத்திரை விட்டுப்போச்சு என்று போய் நிற்கும் தோட்டத்துப் பெண்ணுக்கு, "உங்களுக்கெல்லாம் இது சரிவராது, ஒப்பரேசன் செய்துகொள்ளுங்கள்" என்று பதில் வருவது இன்னும் நிற்கவில்லை. கிளினிக் நாளில் மலைக்குப் போகாவிட்டால் பேர், அதாவது அன்றைய கூலி, இல்லை, பாதியில் வந்தால் அரைப் பேர். ஒரு கார்டுக்காக ஒரு நாள் கூலியை விட முடியாதவளை மறதிக்காரி என்பது அநியாயம். அடுத்த முறை போகும்போது மூன்று கார்ட் சேர்த்துக் கேளுங்கள், கேட்பதில் வெட்கம் இல்லை. தினமும் போடுவது சரிவராது என்று நீங்களே முடிவு செய்தால் மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி இருக்கிறது, லூப் இருக்கிறது, கையில் தோலுக்கடியில் வைக்கும் குச்சி இருக்கிறது. ஒப்பரேசன் உங்கள் விருப்பமாக மட்டும் இருக்க வேண்டும்.

இந்தக் கார்டின் இரும்பு மாத்திரை முடியும்போதும் மாதவிடாய் வராவிட்டால் ஃபார்மசியில் டெஸ்ட் ஒன்று வாங்கி, காலையில் முதல் சிறுநீரில் பாருங்கள். சேர்ந்து மூன்று கிழமை கழிந்திருந்தால் விடை நம்பகமாக இருக்கும். கரு தங்கியிருந்தால் மாத்திரையை நிறுத்துங்கள்; அதுவரை போட்டதால் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை.