கேட்பரி சாக்லேட் ஜார்ஜ் கேட்பரி உண்மையிலேயே வள்ளலா, இல்லை எல்லாம் விளம்பரமா?

வள்ளல்தான். ஆனால் அவர்மேல் எனக்கு ஒரு தீராத கோபமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஜார்ஜ் ஒரு குவேக்கர். பாதிரியார் இல்லாமல், கூடி உட்கார்ந்து மௌனமாக வழிபடும் கிறிஸ்தவப் பிரிவு அது. போரும் கூடாது, குடியும் கூடாது. இங்கிலாந்துத் திருச்சபையில் சேராதவர்கள் என்பதால் ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் நெடுங்காலம் இவர்களுக்குப் பட்டம் தரவில்லை. அதனால் பலர் வியாபாரத்தில் இறங்கினார்கள். கேட்பரி, ஃப்ரை, ரவுண்ட்ரீ என்ற மூன்று பெரிய சாக்லேட் குடும்பங்களும் குவேக்கர்களே.

1861-இல் ஜார்ஜும் அண்ணன் ரிச்சர்டும் பர்மிங்காமில் அப்பாவின் தொழிலை ஏற்றபோது அது மூழ்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்துக் கோகோவில் கொழுப்பு மிதக்கும். அது தெரியாமலிருக்க உருளைக்கிழங்கு மாவு, ஜவ்வரிசி மாவு எல்லாம் கலப்பார்கள். கேட்பரியிலும் இதே கதைதான். கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் இயந்திரம் ஹாலந்தில் இருப்பது தெரிந்து ஜார்ஜ் அங்கே போனார். டச்சு ஒரு வார்த்தை தெரியாது. அகராதியை வைத்துக்கொண்டு, கைஜாடையிலேயே பேரம் பேசி வாங்கி வந்துவிட்டார். 1866-இல் கலப்பில்லாத கோகோ கடைக்கு வந்தது. அப்புறம் ஏறுமுகம்தான்.

பணம் சேர்ந்த பிறகும் அவர் ஞாயிறு அதிகாலையில் கூலித் தொழிலாளிகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதை விடவில்லை. அவர்கள் வீட்டுக்கும் போவார். வெளிச்சமும் காற்றும் இல்லாத அந்தச் சந்து வீடுகளைப் பார்த்ததுதான் அவர் பின்னால் கட்டிய போர்ன்வில் கிராமத்துக்கு விதை. தொழிற்சாலை 1879-லேயே பர்மிங்காமுக்கு வெளியே வந்திருந்தது. அதன் பக்கத்தில் 1893-இல் 120 ஏக்கர் வாங்கி, 1895-இல் வீடு கட்டத் தொடங்கினார். மனையில் கால் பங்குக்கு மேல் வீடு அடைக்கக் கூடாது, மீதி தோட்டம். குடிவருகிறவர் வருவதற்கு முன்பே மண்ணைக் கொத்திப் பழமரக் கன்றும் நட்டுவைத்திருப்பார்கள். சாராயக் கடைக்கு இடமே கிடையாது. கேட்பரி ஊழியர்தான் குடிவர வேண்டும் என்றும் இல்லை.

'தோட்டத்துக்குள் தொழிற்சாலை' என்று கம்பெனி பெருமையாக விளம்பரம் செய்தது உண்மைதான். ஆனால் விளம்பரம் மட்டுமே நோக்கம் என்றால் அந்தக் கிராமத்தைத் தன் சொத்தாகவே வைத்திருக்கலாமே? 1900-இல், தன் 61-ஆம் வயதில், 313 வீடுகளையும் 330 ஏக்கரையும் ஓர் அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுத்தார். வரும் வாடகையில் மேலும் வீடுகள் கட்ட வேண்டும், குடும்பத்துக்கு ஒரு பென்னிகூட வராது. 2010-இல் கிராஃப்ட் என்ற அமெரிக்க நிறுவனம் கேட்பரியை வாங்கியபோது கம்பெனி கைமாறியது, ஊர் மாறவில்லை. இந்தப் பத்திரம் ஒன்றே எனக்குப் போதும்.

அதற்காக அவரைத் தெய்வமாக்க வேண்டாம். அந்தக் காலத்தில் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனால் வேலை போய்விடும். கையில் ஒரு பைபிளும் ஒரு கார்னேஷன் பூவும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்!

இனி அந்தக் கோபம். கேட்பரியின் கோகோவில் பெரும்பங்கு, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் போர்ச்சுகல் ஆண்ட சாவோ டோமே தீவிலிருந்து வந்தது. அங்கோலாவிலிருந்து ஆட்களைப் பிடித்து வந்து, 'ஒப்பந்தத் தொழிலாளி' என்று பெயர் வைத்து அடிமைகளாகவே நடத்தினார்கள். 1901-லேயே கம்பெனிக்கு விஷயம் எட்டிவிட்டது. விசாரிக்க ஆள் அனுப்பியது 1905-இல், கொள்முதலை நிறுத்தியது 1909-இல். ஜார்ஜ் 1901-இல் 'டெய்லி நியூஸ்' பத்திரிகையை வாங்கி, தென்னாப்பிரிக்காவில் பிரிட்டன் நடத்திய போயர் போரை எதிர்த்தவர். தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் சீனக் கூலிகள் படும் பாட்டைப் பற்றி அந்தப் பத்திரிகை ஆவேசமாக எழுதிக்கொண்டிருந்த அதே வருடங்களில்தான் தீவிலிருந்து மூட்டைகள் வந்து இறங்கின. கொள்முதலை விட்டுவிட்டால் போர்ச்சுகல் நம் பேச்சைக் கேட்காது என்று கம்பெனி காரணம் சொன்னது. கொஞ்சம் நியாயம் இருக்கலாம், ஆனால் எட்டு வருடமா?

இதைக் குத்திக்காட்டிய 'ஸ்டாண்டர்டு' பத்திரிகைமேல் கேட்பரி அவதூறு வழக்குப் போட்டது. 1909 டிசம்பரில் ஜெயித்தும்விட்டது. ஜூரி கொடுக்கச் சொன்ன நஷ்டஈடு ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி. பர்மிங்காமிலேயே, அவர்கள் சொந்த ஊரிலேயே கிடைத்த தீர்ப்பு அது. எனக்கும் அந்தக் கணக்கு சரி என்றுதான் படுகிறது.